சிநேகிதனைக் கேட்டீர்களா? கூமாப்பட்டி வட்டாரத்து இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

கூமாப்பட்டியிலும் வத்திராயிருப்பிலும் மகாராஜபுரத்திலும் கான்சாபுரத்திலும் இருக்கிற தம்பிமார்களே, தங்கைமார்களே,

உங்களைக் கூட்டி வைத்து நேரில் பேச வேண்டிய விஷயத்தை மடலாக எழுதுகிறேன். சிநேகிதன் ஒருவனைக் கைபேசியில் படமெடுத்து, அதில் சிரிப்பு வருகிற இடமும் வயிற்றைப் பிசைகிற இடமும் சேர்ந்தே இருப்பதையும், அந்தச் சேர்க்கைதான் பார்க்கிறவரை மறுபடியும் பார்க்கத் தூண்டுகிறது என்பதையும் கண்டுகொண்டு, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை உலகத்துக்கெல்லாம் அனுப்பி வைக்கிற வழக்கம் உங்களிடையே வேரூன்றி வருகிறது. இதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு, கோபமும் உண்டு. ஆயினும் நீங்கள் அவனுடைய சிநேகிதர்கள் என்கிற ஒரே காரணத்தினாலேயே உங்களிடம் பேச வருகிறேன். அவனை அறியாத அந்நியர்களிடம் இதைச் சொல்லிப் பயன் இல்லை.

நான் எதை மனத்தில் வைத்துப் பேசுகிறேன் என்பது உங்களில் சிலருக்கு இதற்குள் விளங்கியிருக்கும். விளங்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்க வழி ஏற்பட்டுவிடக் கூடாது என்பதால், ஊரையும் ஆளையும் சொல்லாமல் படத்தை மட்டும் விவரிக்கிறேன். மலையடிவாரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில், வெட்டிக் குவித்த தேங்காய்களுக்கு முன்னால், அன்றைக்கு ஏற வேண்டிய மரங்களையெல்லாம் ஏறி இறங்கிய வாலிபன் ஒருவன், மார்பில் பாளைத் தூசியும் தோளில் துண்டுமாக நின்றுகொண்டு, அந்தக் குவியலையே வாக்காளப் பெருமக்களாகப் பாவித்துத் தேர்தல் பிரசங்கம் செய்கிறான். கையை வீசுகிறான், குரலை ஏற்றி இறக்குகிறான், கண்மாயைத் தூர் வாரித் தருவதாகவும், மினி பஸ்ஸைத் தோப்பு வாசல்வரைக்கும் கொண்டுவருவதாகவும் வாக்குக் கொடுக்கிறான். அவனுடைய ஹாஸ்ய ஞானம் அபாரமானது. ஆஸ்பத்திரி கட்டித் தருவேன் என்கிறான். ‘அங்கே ராத்திரியிலும் டாக்டர் இருப்பார்’ என்கிறான். அந்த வார்த்தையில் அவனுக்கு என்னவோ இடறுகிறது. ‘ராத்திரியிலும் டாக்டர் இருப்பார்’ என்று திரும்பவும் சொல்கிறான். மூன்றாம் முறை சொல்லும்போது பிரசங்கியின் குரல் போய் அவனுடைய சொந்தக் குரல் வந்துவிடுகிறது. படமெடுக்கிறவர்களின் சிரிப்பு சற்று நேரம் தொடர்ந்து, பிறகு ஒன்றொன்றாக அடங்குகிறது. அவன் குவியலின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, கைபேசியை நிமிர்ந்து பார்த்து, ‘போதும்டா, எடுக்காதடா’ என்கிறான்.

அவனுடைய தகப்பனார் எந்த ராத்திரியில், எந்த நிலைமையில் காலமானார் என்பது அங்கே நின்றிருந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

உங்களில் ஒருவர் முழுப் படத்தையும் எனக்குக் காட்டியதனால்தான் இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. ஊரெல்லாம் சுற்றிய படத்தில் அந்தக் கடைசி வார்த்தை இல்லை. அதை வெட்டி எறிந்துவிட்டு, அவன் மூன்று முறை சொன்னதை இன்னும் பல முறை திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி கோத்து, சினிமாச் சிரிப்புக் காட்சிகளின் வாத்தியத்தை அடியில் ஓட விட்டு, ‘முத்திப் போச்சு’ என்று மேலே எழுதி அனுப்பினீர்கள். இப்போது டீக்கடையிலே அவனுக்குப் பெயர் ‘டாக்டர்’. மரமேறக் கூப்பிடுகிறவர்கள் காய் வெட்டி முடிந்ததும் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அதை ஒரு தடவை சொல்லிவிட்டு வாங்கிக்கொள்’ என்கிறார்கள். அவன் மரத்தின் உச்சியில் இருக்கும்போதே, கீழே முகந்தெரியாதவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஒரு சாண் தவறினால் உயிர் போகிற தொழிலைச் செய்கிறவனுடைய கவனத்தைக் கீழேயிருந்து இழுப்பது எத்தகைய காரியம் என்று தென்னந்தோப்புகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்துப் பொங்கல் விழாக்களில் விடிய விடிய நடக்கிற வள்ளி திருமண நாடகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதிலே பபூன் என்கிற பாத்திரத்தை ஏற்று வருகிற கலைஞர், ஜனங்கள் தம்மைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே மேடை ஏறுகிறார். அதற்கு முன்பணம் வாங்கியிருக்கிறார். எந்த இடத்தில் அடி வாங்க வேண்டும், எந்த இடத்தில் விழ வேண்டும், எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திச் சபையைக் கலங்க வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருடைய வித்தை, அவருடைய சுதந்திரம். பொழுது விடிந்ததும் தண்ணீர்த் தொட்டியடியில் முகத்துப் பவுடரைக் கழுவிவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு, கௌரவமான ஒரு குடும்பஸ்தராக அவர் பஸ் ஏறுகிறார். அவரை அப்போது யாரும் பபூன் என்று கூப்பிடுவதில்லை. ‘அண்ணாச்சி, போயிட்டு வாங்க’ என்றுதான் வழியனுப்புகிறார்கள். உங்கள் சிநேகிதனுக்கு நீங்கள் போட்டுவிட்ட வேஷத்தைக் கழுவ எந்தத் தொட்டியிலும் தண்ணீர் கிடையாது. அவன் மேடை ஏறவும் இல்லை. முன்பணம் வாங்கவும் இல்லை. உங்களை நம்பிப் பேசினான், அவ்வளவுதான்.

‘நம் ஊருக்குப் பெயர் வந்ததே ஒரு வீடியோவினால்தானே’ என்று நீங்கள் கேட்பீர்கள். வாஸ்தவம். 2025 ஜூன் மாதத்தில், ‘ஏங்க’ என்று ஜனங்களை அழைத்து, கூமாப்பட்டியைத் தனித் தீவென்று வர்ணித்து, நம் தண்ணீரின் பெருமையைப் பேசிய இளைஞர் ஒருவரின் இன்ஸ்டாகிராம் படங்கள் தமிழ்நாடெங்கும் பரவி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நெல்லும் தென்னையும் மாவும் பயிரிட்டு யாருக்கும் தெரியாமல் இருந்த ஊரை எல்லோர் வாயிலும் வரச் செய்தன. அவரை நான் குறை கூற மாட்டேன். அவர் தம்முடைய முகத்தை, தம்முடைய இஷ்டப்படி, தம்முடைய வார்த்தையோடு உலகத்துக்குக் காட்டினார். சிரித்தவர்களையும் ஏசியவர்களையும் தாமே எதிர்கொண்டார். உடன்குடியில் தச்சு வேலை செய்துகொண்டிருந்த ஜி.பி. முத்து, தமக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்து உலகத் தமிழர்களைச் சிரிக்க வைத்ததும் அவ்விதமே. எப்போது படமெடுப்பது, எதைப் போடுவது, எதை விடுவது என்கிற அதிகாரம் அவர்களுடைய கையில் இருந்தது. அந்த அதிகாரத்தை உங்கள் சிநேகிதனிடமிருந்து நீங்கள் பறித்துக்கொண்டீர்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

அந்தக் கோடையில் நம் ஊரே கண்ட இன்னொரு பாடமும் உண்டு. ததும்பும் தண்ணீரைப் படத்தில் பார்த்துவிட்டு, வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஜனங்கள், குளிக்க இடம் தேடி அலைந்ததையும், பிளவக்கல் பெரியாறு அணைக்கும் கோவிலாறு அணைக்கும் உள்ளே போக அனுமதி இல்லை என்று அறிந்து ஏமாந்து திரும்பியதையும் நீங்கள் பார்த்தீர்கள். படத்தில் தண்ணீர் இருந்தது. அது எந்த மாதத்துத் தண்ணீர், அங்கே யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்கிற விவரம் படத்தின் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அணைப் பூங்காவைச் சீரமைக்க அரசாங்கம் 10 கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் செய்தி வந்தது நல்ல காரியம்தான். அதற்காக நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஓர் ஊர் தாங்கிக்கொள்ளக் கூடிய அரைகுறைத் தோற்றத்தை ஒரு தனி மனிதன் தாங்கிக்கொள்ள முடியாது. ஊருக்கு ஆயிரம் வாய் உண்டு, வந்தவர்களிடம் உண்மையைச் சொல்ல. அவனுக்கு இருப்பது ஒரு வாய். அது சொன்ன கடைசி வார்த்தையையும் நீங்கள் வெட்டிவிட்டீர்கள்.

வெட்டிவிடுவது எத்தனை பெரிய பாதகமாக முடியும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றிய பீதி 2018ஆம் வருஷத்தில் இந்தியாவின் பல பிரதேசங்களில் வாட்ஸ்அப் மூலம் பரவிற்று. அப்போது சுற்றிய படங்களில் ஒன்றில், தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தவர் நெஞ்சு பதறும். அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்து ரோஷ்னி ஹெல்ப்லைன் என்னும் தொண்டு நிறுவனம், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி பெற்றோரை எச்சரிப்பதற்காக நடிகர்களை வைத்து எடுத்த படம். முழுப் படத்தின் கடைசியில் அதே மோட்டார் சைக்கிள் திரும்பி வருகிறது. சிறுவனைப் பத்திரமாக இறக்கிவிடுகிறார்கள். கடத்துவது எவ்வளவு சுலபம் என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். யாரோ ஒருவர் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார். வெட்டியவர் யார் என்று இன்றுவரை உலகம் அறியாது. அந்த வருஷம் மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்றை, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள் என்கிற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சந்தேகித்து ஜனக்கூட்டம் அடித்து நொறுக்கியதில், 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். இப்படிப்பட்ட கொலைகள் நாட்டின் பல பாகங்களிலும் நேர்ந்த பிறகே, அதே வருஷம் ஜூலையில், வந்த செய்தி ஒன்றை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் தள்ளி அனுப்ப இயலாதபடி இந்தியாவில் வரம்பு கட்டப் போவதாக வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்தது. உங்கள் படத்தையும் அந்தப் படத்தையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் முடிவை வெட்டுகிற கை இரண்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது.

பள்ளித் தோழர்களே செய்த காரியம் ஒன்றையும் சொல்கிறேன். கனடாவில் க்யூபெக் மாகாணத்தைச் சேர்ந்த கிஸ்லேன் ராசா என்கிற பள்ளி மாணவன், 2002ஆம் வருஷத்தில், தன் பள்ளிக்கூடத்து ஸ்டூடியோவில் தனியாக இருந்தபோது, கோல்ஃப் பந்தெடுக்கும் கழி ஒன்றை வாளாகச் சுழற்றி, ஸ்டார் வார்ஸ் சினிமாவின் போர்வீரனைப் போல் விளையாடியதைத் தானே நாடாவில் பதிவு செய்தான். மறு வருஷம் அந்த நாடா கூடப் படித்த பையன்களின் கையில் சிக்கியது. அவர்கள் அதை இணையத்தில் ஏற்றினார்கள். அது கோடிக்கணக்கான தடவை பார்க்கப்பட்டது. முகமறியாத ஜனங்கள் அவனைக் கேலி செய்ததோடு நில்லாமல், செத்துப் போ என்றும் எழுதினார்கள். அவன் பள்ளிக்கூடத்தை விட்டு விலக நேர்ந்தது. குடும்பத்தார் அந்த மாணவர்களின் குடும்பங்கள்மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2006இல் அது சமரசத்தில் முடிந்தது. அவர் பிற்பாடு சட்டம் படித்தார். பத்து வருஷங்களுக்கு மேல் மௌனமாக இருந்துவிட்டு 2013இல்தான் பேசினார். 2022இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் அவரைப் பற்றி எடுத்த டாக்குமெண்டரியில் தோன்றித் தம் கதையைத் தாமே சொன்னார். பதின்பருவத்தில் பறிபோன தன்னுடைய கதையைச் சொல்லும் உரிமையை ஒருவர் முப்பது வயதுக்கு மேல்தான் முழுமையாக மீட்டுக்கொள்ள முடிந்தது. அத்தனை வருஷமும் உங்கள் சிநேகிதன் காத்திருக்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களிடம் நான் பேசிப் பார்த்தபோது நீங்கள் சொன்ன சமாதானங்களை நான் மறக்கவில்லை. ‘அவனும் சிரித்தான், அண்ணாச்சி’ என்றார் ஒருவர். ஐந்தாறு பேர் சூழ்ந்து நின்று ஒருவனுடைய முகத்துக்கு நேரே அவனுடைய படத்தை ஓட்டிச் சிரிக்கும்போது, அவன் வேறு என்ன செய்வான்? கோபித்தால் ‘விளையாட்டுக்குக்கூடத் தாங்க மாட்டான்’ என்பீர்கள். அழுதால் அதையும் படமெடுப்பீர்கள். கூட்டத்துக்கு நடுவே வருகிற சிரிப்பைச் சம்மதமாகக் கணக்கு வைக்காதீர்கள். ‘நான் போடாவிட்டால் வேறொருவன் போட்டிருப்பான்’ என்றார் இன்னொருவர். போட்டிருக்கட்டும், அப்போது அவனுக்கு ஒரு சிநேகிதனாவது மிஞ்சியிருப்பான். ‘பிரபலமானால் அவனுக்குத்தானே நல்லது, சினிமாவில்கூடக் கூப்பிடலாம்’ என்றவருக்கு நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அந்தப் படம் யாருடைய கணக்கில் இருக்கிறது? அதனால் கூடிய ஆயிரக்கணக்கான பேர் யாரைப் பின்தொடர்கிறார்கள்? அவனிடம் இருப்பது இன்னும் பட்டன் வைத்த பழைய ஃபோன் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

தகப்பனார் காரியத்துக்குப் பிறகு அவன் ஒருவரிடமும் மனம் விட்டுப் பேசியதில்லை என்று அவனுடைய தாயார் என்னிடம் சொன்னார். துக்கத்தைத் துக்கமாகவே பேச எல்லோராலும் முடிவதில்லை. சிலருக்கு அது பரிகாசத்தின் வழியாகத்தான் வாய்க்கு வருகிறது. நல்ல விதூஷகர்கள் பலருடைய சரித்திரத்தைப் புரட்டினால் இது தெரியும். அன்றைக்கு அந்தத் தோப்பில், தேங்காய்க் குவியலுக்கு வாக்குறுதி கொடுக்கிற வேடிக்கைக்குள் ஒளிந்து, அவனுடைய துக்கம் வெளியே வரப் பார்த்தது. ஒரு சிநேகிதன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, ‘என்னடா?’ என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவன் மிச்சத்தையும் சொல்லியிருப்பான். இனி அவன் யார் முன்னாலும் வேடிக்கையாகக்கூடப் பேச மாட்டான். அந்த ஹாஸ்யம் போனது உங்களுக்கும் நஷ்டம்தான்.

சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. அந்தரங்கம் ஒவ்வொரு மனிதனுடைய அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவருடைய உடம்பின் மறைவிடங்களைச் சம்மதமின்றிப் படமெடுப்பதற்கும் பரப்புவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு மூன்று வருஷம்வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் மேலாடை இல்லாமல் தோப்பில் நின்று பேசிய ஒருவனுடைய துக்கத்தைக் காக்க அந்தப் பிரிவு வராது. போலீசும் கோர்ட்டும் வந்து தீர்க்கிற விவகாரமாக இது ஆவதை அவனும் விரும்பவில்லை. ஆகவே உங்கள் மனச்சாட்சியிடமே வருகிறேன்.

இது ஒருவனோடு நிற்கிற விஷயமும் அல்ல. சாமி வந்து ஆடுகிறவர், வலிப்பு வந்து விழுகிறவர், குடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் புலம்புகிறவர், தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறும் வழியில் மூச்சு வாங்கி, மகாலிங்கத்தை நினைத்து வாய்விட்டு அழுகிற பெரியவர் எல்லோரையும் நோக்கி இப்போது கைபேசிகள் உயர்கின்றன. அவரவருக்கு அந்த நேரத்தில் தம்மேல் தமக்கே அதிகாரம் இல்லை. கேட்டாலும் பதில் சொல்ல இயலாத நிலையில் இருப்பவரை எடுக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இதில் விதிவிலக்குக் கொடுக்க என் மனம் இடம் தரவில்லை.

சிநேகிதர்களை எடுக்காதீர்கள், சிரிக்காதீர்கள், அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் பரிகாசமும் பாவனையும் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்கிற ஆசை எனக்கும் உண்டு. நான் கேட்டுக்கொள்வது இதுதான். படமெடுத்த அன்றே அனுப்பாதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் அவனைத் தனியாகச் சந்தித்து, வெட்டி ஒட்டி வாத்தியம் சேர்த்து எந்த உருவத்தில் அனுப்பப் போகிறீர்களோ அந்த உருவத்திலேயே, மேலே எழுதிய வார்த்தை உட்பட, முழுமையாகக் காட்டிக் கேளுங்கள். அவன் தயங்கினால் வேண்டாம் என்று அர்த்தம் கொள்ளுங்கள். சரி என்று சொன்னவன் ஒரு வருஷம் கழித்து, பெண் பார்க்கப் போகிற சமயத்திலோ வேலைக்குப் போகிற சமயத்திலோ, எடுத்துவிடு என்று கேட்டால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். பிறர் அனுப்பி உங்களுக்கு வருகிற படத்தில் இருப்பவரை நீங்கள் அறிந்திருந்தால், அதை அடுத்தவருக்குத் தள்ளுவதற்கு முன் அவருக்கே ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள்; அறியாதவராக இருந்தால் உங்களோடு அது நிற்கட்டும்.

தோப்பிலே நின்றிருந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தப் படத்தை உங்கள் கணக்குகளிலிருந்தும் ஸ்டேட்டஸ்களிலிருந்தும் இந்த வாரத்துக்குள் நீக்கிவிடுங்கள். எடுத்துப் போட்ட பிற பக்கத்தாருக்கு, இதில் இருப்பவருக்குச் சம்மதமில்லை என்று உங்கள் பெயரைப் போட்டே எழுதுங்கள். எல்லோரும் நீக்க மாட்டார்கள், சிலர் நீக்குவார்கள். டீக்கடையில் யாராவது அவனை ‘டாக்டர்’ என்று கூப்பிட்டால், அந்தப் பெயரை வைத்தவர்களே நீங்கள்தான் என்பதனால், வேண்டாம் என்று தடுத்துச் சொல்ல வேண்டியவர்களும் நீங்களே. அவனிடம் போய், முழுப் படமும் உங்களிடம் இருக்கிறது என்பதைச் சொல்லி, அதை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று கேட்டு, அவன் சொல்கிறபடி அவன் கண் முன்னாலேயே செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
ஸ்ரீவில்லிபுத்தூர்வாசி ஒருவன்